இரவு வீதியில் மரையும் பன்றியும்
மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அறிந்திருக்க வேண்டியவை

கண்டியைச் சூழ்ந்த கிராமங்களிலும் தோட்டங்களிலும் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. அது பிழைப்புக்கான கருவியாகிவிட்டது. விடியுமுன் பால் கேன்களைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்பவர், மரக்கறி மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வருகிறவர், நகரக் கடையில் வேலை செய்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், ஆலயத்தில் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் மறைக்கல்வி ஆசிரியர் என்று பலரும் இருட்டில்தான் பயணம் செய்கின்றனர்.

இந்த இருட்டிலேயே காட்டு விலங்குகளும் வீதியைக் கடக்கின்றன. மரை, மான், காட்டுப்பன்றி போன்றவை திடீரெனக் குறுக்கிடும்போது நால்சக்கர வாகனத்தில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடாவது இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு அவரது உடலே கவசம். உழைக்கும் ஒருவரின் கால் முறிந்தால் பல மாதங்கள் வருமானம் நின்றுவிடும். அடகு வைத்த நகை மூழ்கும். பிள்ளையின் படிப்புத் தடைப்படும். ஆகவே இது வாகனம் ஓட்டுகிறவரின் பிரச்சினை மாத்திரமல்ல, முழுக் குடும்பத்தின் பிரச்சினையும் ஆகும்.

இத்தகைய விபத்துகளை விதி என்று சொல்லி விட்டுவிடத் தேவையில்லை. விலங்கு எப்போது, எங்கே, எப்படி வரும் என்பதை அறிந்து, அதற்கேற்ற வேகத்தில் சென்றால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

எமது பகுதியில் எவை குறுக்கிடுகின்றன?

கண்டி நகரே காட்டை ஒட்டிய நகரம். தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலே காடு 1938இல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே இன்றும் காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, சிறு மான் இனங்கள் வாழ்கின்றன. தெற்கே ஹந்தானை மலை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். அதன் பாதுகாக்கப்பட்ட காடு 2010இல் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காடுகள் 1987இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டன.

எனவே வத்துகாமம், பன்வில, மடுல்கலை, ரங்களை, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவை என்று எத்திசையில் சென்றாலும் வீதியின் ஒரு பக்கத்தில் காடோ, காடாகிப்போன தேயிலை நிலமோ இருக்கவே செய்கிறது.

மரை: மான் இனத்தில் எமது நாட்டிலுள்ள மிகப் பெரியது. வளர்ந்த ஆண் மரை 200 கிலோகிராமுக்கு மேலும் இருக்கும். நீண்ட கால்களையுடையதால் அதன் உடல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் நெஞ்சு உயரத்தில் நிற்கும். நக்கிள்ஸ் பகுதியிலும், மேலே நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கங்களிலும் காணலாம்.

சிறு மான்கள்: நாய் குரைப்பது போலக் கத்தும் குரைக்கும் மானைச் சிங்களத்தில் ஓலு முவா என்பர். அதனிலும் சிறியது முயல் அளவான உக்குளான், அதாவது மீமின்னா. இவை பாரம் குறைந்தவை. ஆனால் வளைவில் முன்சக்கரத்துக்கு அடியில் அகப்பட்டால் ஆளைக் கவிழ்க்க அவையே போதும். மஹியங்கனைப் பக்கம் இறங்கினால் கூட்டமாகத் திரியும் புள்ளிமானையும் எதிர்பார்க்க வேண்டும்.

காட்டுப்பன்றி: கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிராமங்களிலும் அடிக்கடி எதிர்ப்படுவது இதுதான். மானின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் ஹெட்லைட் பட்டவுடன் மானின் கண்கள் மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கறுத்த தார் வீதியில், கறுத்த உடலோடு, கண்ணும் மின்னாமல் அது நிற்கும். கிட்டப் போகும் வரை தெரியாது. மேலும் அதன் உடல் பதிந்தது, கெட்டியானது. அதில் மோதுவது பாறையில் மோதுவது போலாகும்.

இவற்றோடு முள்ளம்பன்றியையும், இரவில் அவிழ்த்து விடப்பட்ட மாடுகளையும், தெரு நாய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரந்தெனிகல வழியாகச் செல்வோர் யானையையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஏன் வீதிக்கு வருகின்றன?

“முன்பெல்லாம் இவ்வளவு பன்றி இல்லையே” என்று முதியவர்கள் சொல்வதுண்டு. இதற்குக் காரணங்கள் உண்டு. பல தோட்டங்களில் பராமரிக்கப்படாது விடப்பட்ட தேயிலை மலைகளில் மானாப் புல்லும் கினிப் புல்லும் ஆளுயரத்துக்கு வளர்ந்துள்ளன. பகலில் பன்றிகள் படுத்திருக்க இது நல்ல மறைவிடம். இரவில் அவை மரவள்ளி, வற்றாளைக் கிழங்கு, விழுந்த பலாப்பழம் ஆகியவற்றைத் தேடி வீட்டுத் தோட்டங்களுக்கு இறங்குகின்றன. மறைவிடத்துக்கும் உணவுக்கும் நடுவில் எமது வீதி கிடக்கிறது.

வீதியோரத்தில் நாம் கொட்டும் குப்பையும் அவற்றை அழைக்கிறது. சந்தைக் கழிவும், திருமண வீட்டு எச்சிலும், கோழிக் கடைக் கழிவும் கிடக்கும் வளைவுக்கு முதலில் நாய்கள் வரும், பின்னர் பன்றிகள் வரும்.

மானும் மரையும் வருவது புல்லுக்காகவும் தண்ணீருக்காகவும். வெட்டிய வீதியோரங்களில் மழைக்குப் பின் தளிர்ப் புல் முளைக்கிறது. வரட்சியில் நீரோடைகளை நோக்கி இறங்குகின்றன. தலைமுறையாக அவை நடந்த தடத்தை நாம் போட்ட வீதி குறுக்கே வெட்டியிருக்கிறது.

மனிதரோடு பழகினால் விலங்கு வாகனத்தையும் புரிந்துகொள்ளும் என்று எண்ணக் கூடாது. திருகோணமலை நகரில் புள்ளிமான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் தெருவிலேயே திரிகின்றன. ஆனால் ஆளுக்கு அஞ்சாத மானும் வாகனத்தின் வேகத்தைக் கணிக்க அறியாது. விலங்கு வீதி விதிகளைக் கற்கப்போவதில்லை. கற்க வேண்டியவர் நாமே.

எந்த நேரம், எந்த இடம்?

மாலை இருள் சூழும் 6 மணியிலிருந்து 9 மணி வரையும், அதிகாலை 4 மணியிலிருந்து நன்றாக விடியும் வரையும் மிகக் கவனம் தேவை. விலங்குகள் மேயப் புறப்படுவதும், மறைவிடத்துக்குத் திரும்புவதும் இந்நேரங்களில்தான். நாம் வேலை முடிந்து களைப்போடு திரும்புவதும், தூக்கக் கலக்கத்தோடு புறப்படுவதும் இதே நேரங்கள்தான். நத்தார் காலத்தில் கரோல் பாடி வீடு வீடாகச் செல்லும் இளைஞர்களும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து திரும்பும் குடும்பங்களும் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

பின்வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்:

1. ஓடையும் மதகும் உள்ள பள்ளங்கள். விலங்குகள் ஓடையைப் பின்பற்றியே நடக்கும்.
2. ஒரு பக்கம் காடு அல்லது புல்மலை, மறுபக்கம் வீட்டுத் தோட்டம் அல்லது வயல் உள்ள இடங்கள்.
3. வளைவின் உட்பக்கத்தில் புதர் மண்டிக் கிடக்கும் இடங்கள். ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவு வீதி போன்றவற்றில் அடுத்த 20 மீற்றரில் என்ன நிற்கிறது என்பதே தெரியாது.
4. குப்பை கொட்டும் இடங்கள்.
5. மேல் பக்க மண் திட்டில் குளம்புத் தடமும், சறுக்கிய மண்ணும் காணப்படும் இடங்கள். பகலில் போகும்போது இவற்றைப் பார்த்து வைத்துக்கொண்டால் இரவில் பயன்படும்.

வேகமும் வெளிச்சமும்

இக்கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் மனதில் இருத்துவதாயின் அது இதுவாக இருக்கட்டும்: உங்கள் ஹெட்லைட் காட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே இரவில் ஓட்டுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறோம். விலங்கைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, கையும் காலும் பிரேக்கைத் தொடுவதற்கு ஒன்றரைச் செக்கன் வரை ஆகலாம். அதற்குள் 25 மீற்றர் போய்விடும். அதன் பின் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சம வீதியில் இன்னுமொரு 28 மீற்றராவது வேண்டும். மொத்தம் 53 மீற்றர். மழையில் நனைந்த வீதியானால் 65 மீற்றர் அளவுக்குப் போகும்.

அதே வண்டி 40 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால், காய்ந்த வீதியில் ஏறத்தாழ 30 மீற்றரில் நின்றுவிடும். நனைந்த வீதியில் 35 மீற்றர். 30 கிலோமீற்றர் வேகத்தில் 20 மீற்றர் அளவே போதும். இறக்கமாயின் எல்லாவற்றுக்கும் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது வெளிச்சத்தைப் பார்ப்போம். எமது சிறிய மோட்டார் சைக்கிள்களில் தாழ்த்திய ஹெட்லைட்டில் ஒரு கறுத்த விலங்கு 30, 40 மீற்றருக்குள் வந்த பிறகுதான் பெரும்பாலும் தெரியும். அப்படியானால் 60இல் செல்பவர் பன்றியைக் காணும்போதே காலம் கடந்துவிட்டது. அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மோதுவார். 40இல் செல்பவர் பெரும்பாலும் நின்றுவிடுவார். நிற்க முடியாவிட்டாலும் வெகு குறைந்த வேகத்திலேயே மோதுவார். 60இல் மோதும் விசை 40இல் மோதுவதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? பத்துக் கிலோமீற்றர் தூரத்தை 60இல் கடக்க 10 நிமிடம். 40இல் கடக்க 15 நிமிடம். வித்தியாசம் ஐந்தே நிமிடம்.

எனவே நேரான பகுதியில் 40, வளைவிலும் மூடுபனியிலும் 30 அல்லது அதற்கும் குறைவு என்று வைத்துக்கொள்வது நல்லது. எதிரே வாகனம் இல்லாதபோது ஹெட்லைட்டை உயர்த்தி வையுங்கள். மூடுபனியில் மட்டும் தாழ்த்துங்கள். உயர்த்திய ஒளி பனியில் பட்டு எமது கண்ணுக்கே திரும்பி வரும்.

விலங்கு எதிர்ப்பட்டால்

தூரத்தில் கண்டால்: அக்சிலரேட்டரை விட்டு, மெதுவாக்கி, ஹெட்லைட்டைத் தாழ்த்தி, சிறிது சிறிதாக ஹோன் அடியுங்கள். உயர்த்திய ஒளியில் மான் கண் கூசி அப்படியே நின்றுவிடும். தேவையானால் முற்றாக நின்று அது போக இடம் கொடுங்கள். பின்னால் வருவோருக்குக் கையைக் காட்டி எச்சரியுங்கள்.

ஒன்று கடந்தவுடன் புறப்படாதீர்கள். தாய் மரைக்குப் பின்னால் குட்டி வரும். பன்றி முன்னே போக, குட்டிகள் வரிசையாகப் பின்தொடரும். தாயைப் பார்த்துக்கொண்டே குட்டியில் மோதுவது அடிக்கடி நடப்பதாகும். சில வேளை கடந்த மான் வெருண்டு திரும்பி ஓடி வருவதும் உண்டு.

மிக அண்மையில் கண்டால்: முன், பின் பிரேக் இரண்டையும் ஒன்றாக, படிப்படியாக இறுக்கிப் பிடியுங்கள். முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் பலர். உண்மையில் வண்டியை நிறுத்தும் சக்தியின் பெரும் பங்கு முன் சக்கரத்திலேயே இருக்கிறது. திடீரென அமுக்கினால்தான் சறுக்கும். சீராக இறுக்கினால் சறுக்காது. வெறுமையான, காய்ந்த இடத்தில் பகலில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

வேகமாகச் செல்லும்போது ஹேண்டிலை வெட்டித் திருப்பாதீர்கள். மனம் அதைத்தான் செய்யச் சொல்லும். ஆனால் எமது மலை வீதிகளில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் கான். எதிரே பஸ்ஸோ லொறியோ வரலாம். விலங்கும் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. நேராகப் பிடித்து வேகத்தை முடிந்தவரை குறைப்பதே பாதுகாப்பானது. மோதல் தவிர்க்க முடியாதென்றால் ஹேண்டிலை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, மோதும் கணத்தில் பிரேக்கைத் தளர்த்தி, நேராகச் செல்ல விடுங்கள். சக்கரம் பூட்டிய வண்டியை விட, உருளும் சக்கரமுள்ள வண்டி நிமிர்ந்து நிற்கும் வாய்ப்பு அதிகம்.

யானையாயின்: நூறு மீற்றருக்கு அப்பாலேயே நின்று, வந்த வழியே திரும்பி விடுங்கள். ஹோன் அடிப்பதோ, ஓரமாக நுழைந்து செல்லப் பார்ப்பதோ கூடாது.

புறப்படுமுன்

ஹெட்லைட்: கண்ணாடியின் சேற்றைத் துடையுங்கள். பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றும்போது வண்டியின் பின்பகுதி பதிந்து, வெளிச்சம் மரக்கிளைகளை நோக்கிப் போய்விடும். பாரத்தோடு சுவரின் முன் நிறுத்திப் பார்த்துச் சரி செய்யுங்கள்.

இறக்கத்தில் என்ஜின்: பெற்றோலை மிச்சப்படுத்த என்ஜினை நிறுத்தி, அல்லது நியூட்ரலில் போட்டு உருட்டி இறங்கும் பழக்கம் எம்மிடையே உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் என்ஜின் சுழலும் வேகத்துக்கு ஏற்பவே ஹெட்லைட் எரியும். என்ஜின் அடங்கினால் வெளிச்சமும் அடங்கும். அதோடு என்ஜினின் இழுவை இல்லாமல் பிரேக் மட்டுமே தாங்க வேண்டிவரும். தாழ்ந்த கியரில் இறங்கினால் வெளிச்சமும் இருக்கும், வேகமும் கட்டுக்குள் இருக்கும்.

தலைக்கவசம்: ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் அணிந்து, தாடைப் பட்டியைப் பூட்ட வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் மான்களில் மோதுகின்றன. அங்கே விலங்குகளில் மோதி இறந்த மோட்டார் சைக்கிள்காரரை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் தலைக்கவசம் அணியாதவர்கள் எனத் தெரிந்தது. விலங்கில் மோதுவதைவிட, அதன் பின் வீதியில் தலை அடிபடுவதே பலரின் உயிரைப் பறிக்கிறது. கீறல் விழுந்த முகக் கண்ணாடி இரவில் கண்ணை மறைக்கும். அதை மாற்றுங்கள்.

வண்டியின் முன் பொருத்தினால் மான் விலகி ஓடும் என்று சொல்லி விற்கப்படும் ஊதல்களும் உண்டு. அந்நாட்டில் செய்த சோதனைகளில் அவற்றால் பயன் காணப்படவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பல்ப் வாங்கலாம்.

மது அருந்திவிட்டு ஓட்டாதீர்கள். கணக்கில் நாம் போட்ட ஒன்றரைச் செக்கன் அப்போது இன்னும் நீண்டுவிடும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் விழுந்தவரைப் பாருங்கள். பின்னால் வரும் வாகனங்களை எச்சரிக்க ஒருவர் வளைவுக்கு அப்பால் டோர்ச் லைட்டோடு நிற்கட்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கழுத்து, முதுகு அடிபட்டிருக்கும் என்று சந்தேகம் இருந்தால், வீதியில் வேறு ஆபத்து இல்லாதவரை அவரை அசைக்காதீர்கள். முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றுவதால் நடக்கக்கூடியவரும் நிரந்தரமாக முடமாகலாம். மூச்சுவிடத் தடை இல்லாவிட்டால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

அடிபட்ட விலங்கின் அருகே போகாதீர்கள். சாகும் நிலையிலும் மரை உதைக்கும், பன்றி குத்தும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலக்கத்தில் அறிவியுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

இறந்த மரையையோ மானையோ இறைச்சிக்காக எடுத்துச் செல்வது குற்றம். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. “நாங்கள் கொல்லவில்லை, அடிபட்டுக் கிடந்தது” என்று சொல்லித் தப்ப முடியும் என எண்ண வேண்டாம். பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்துகொள்ளுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்குத் தன் வண்டியின் சேதத்துக்கு நட்டஈடு கிடைக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஊர் கூடிச் செய்யக்கூடியவை

ஓட்டுபவரின் கவனம் மட்டும் போதாது. ஊரும் தோட்டமும் சேர்ந்து செய்யக்கூடிய, செலவு குறைந்த வேலைகள் சில உண்டு.

• சிரமதானம் மூலம் வளைவுகளின் உட்பக்கத்திலும் ஓடைப் பள்ளங்களிலும் வீதியின் இரு பக்கமும் இரண்டு மீற்றர் அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டலாம். வெட்டிய புல் மாட்டுக்கு ஆகும். தளிர் வந்து மான்களை இழுக்குமுன் மீண்டும் வெட்ட வேண்டும். தோட்ட வீதிகளில் நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றுச் செய்யுங்கள்.

• வீதியோரக் குப்பை மேட்டை அகற்ற பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கழிவைப் பசளைக் குழியில் இடுங்கள்.

• மாட்டை இரவில் கட்டி வையுங்கள்.

• இளைஞர் ஒன்றியம் ஒரு குறிப்புப் புத்தகத்தைத் தொடங்கட்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த வளைவில், எந்த விலங்கு கடந்தது என்று எழுதி வாருங்கள். சில மாதங்களில் ஆபத்தான இடங்கள் எவை என்பது தானாகத் தெரியும். அந்தப் பட்டியலைக் காட்டி எச்சரிக்கைப் பலகை கேட்டால் அதிகாரிகளுக்கும் மறுப்பது கடினம். கோவில், விகாரை, பள்ளிவாசல் மக்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீதி எல்லோருக்கும் பொது.

• கண்ணி வைப்பதை விட்டுவிடுங்கள். பன்றிக்கு வைத்த கண்ணியில் சிறுத்தை மாட்டி இறந்த செய்திகள் மலையகத்தில் பலமுறை வந்துள்ளன. பன்றியையும் மானையும் இயற்கையாகக் கட்டுப்படுத்துவது சிறுத்தைதான். அதைக் கொன்றுவிட்டுப் பன்றி பெருகிவிட்டதென்று புலம்புவதில் பயனில்லை.

காடும் விலங்கும் நாமும் ஒரே மலையில் வாழ வேண்டியவர்கள். அவை இரவில் நடப்பதை நாம் தடுக்க முடியாது. எமது வேகம் எமது கையில் இருக்கிறது. வீட்டில் காத்திருப்பவர்களுக்காக அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது வீதியில் விலங்குகள் அடிக்கடி கடக்கும் மூன்று இடங்கள் எவை? ஏன் அங்கே கடக்கின்றன?
2. எமது சங்க உறுப்பினரில் எத்தனை பேர் இரவில் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர்? பின்னால் இருப்பவர்களும் தலைக்கவசம் அணிகின்றனரா?
3. உழைப்பவர் ஒருவர் விபத்தில் சில மாதங்கள் படுத்துவிட்டால் அக்குடும்பத்துக்கு எமது சங்கம் என்ன செய்ய முடியும்?
4. அடுத்த மாதத்துக்குள் எம்மால் தொடங்கக்கூடிய ஒரு வேலை எது? அதற்குப் பொறுப்பானவர் யார்?